‘ஹாவெல் 1838’ என்று அச்சான பூநாரைப் படம்: அசலா, என்ன விலை, கறையை எடுக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், இதே மாதிரிப் படம் வைத்திருக்கும் வேறு யாராவது படித்தாலும் புரியட்டும். நியூ ஜெர்சியில் ஒரு எஸ்டேட் சேலில் (ஒரு வீட்டின் பொருட்களை மொத்தமாக விற்கும் விற்பனையில்) ஃபிரேமோடு ஒரு பூநாரைப் படத்தை 40 டாலருக்கு வாங்கியிருக்கிறீர்கள். கழுத்தை வளைத்துத் தண்ணீருக்குக் குனியும் சிவப்புப் பூநாரை. கீழே இடது பக்கம் பறவைகளை வரைந்து புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஜே. ஜே. ஆடுபான் பெயர், வலது பக்கம் ‘ஆர். ஹாவெல், 1838’ என்ற வரி (ஆடுபானின் படங்களைத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவர் ஹாவெல்). மேல்பகுதியில் பழுப்புப் புள்ளிகள், படத்தைச் சுற்றி ஜன்னல் மாதிரி வெட்டி வைக்கும் மவுண்ட் அட்டையின் ஓரத்தை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு. உங்கள் மைத்துனர் லட்சக்கணக்கில் போகும் என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் வெறும் போஸ்டர் என்கிறார். என்ன விலை பெறும், அந்தப் புள்ளிகளை வீட்டிலேயே எப்படிப் போக்குவது என்று இரண்டு கேள்வி. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அந்தக் காகிதத்தில் மை எப்படி ஏறியது? அது தெரிந்தால் விலையும் தெரியும், எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்பதும் தெரியும். தெரியாமல் தண்ணீரையோ ரப்பரையோ எடுத்தால் பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது. அதனால் இதைப் படித்து முடிக்கும்வரை அந்தப் படத்தைத் துடைக்கக்கூட வேண்டாம்.

நான் காகிதப் பொருட்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன், அதில் பெரும்பங்கு பழைய அச்சுப்படங்கள். விலை மதிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என் தொழில் அல்ல. அதனால் கீழே விலை பற்றிச் சொல்வதை வழிகாட்டுதலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; காகிதம், மை, கறை பற்றிச் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் அசல் என்றால் எது என்று பார்த்துவிடுவோம். ஆடுபானின் ‘பேர்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற பறவைப் படத்தொகுப்பு 1827 முதல் 1838 வரை பகுதி பகுதியாக வந்தது. ஒரு பகுதிக்கு ஐந்து படங்கள், மொத்தம் 87 பகுதி, 435 படங்கள். முதல் பத்துப் படங்களை எடின்பரோவில் லிசார்ஸ் என்பவர் செப்புத்தகட்டில் செதுக்க ஆரம்பித்தார், அங்கே வேலை நின்றுபோனதும் லண்டனில் ஹாவெல் எடுத்துக்கொண்டு கடைசிவரை முடித்தார். பறவைகளை உயிரளவில்தான் காட்ட வேண்டும் என்பதில் ஆடுபான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால்தான் ‘டபுள் எலிஃபென்ட்’ என்று அழைக்கப்பட்ட, சுமார் 39 அங்குல உயரமும் 26 அங்குல அகலமும் கொண்ட பெரிய தாள். அவ்வளவு பெரிய தாளிலும் பூநாரை நிமிர்ந்து நின்றால் அடங்காது. அதனால்தான் அது கழுத்தை வளைத்துக் குனிந்து நிற்கிறது. உங்கள் படத்தின் அழகே அந்த வளைவுதான், அது தாளின் அளவு கட்டாயப்படுத்திய வளைவு என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்பாக இருக்கும்.

இதிலிருந்தே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடுகிறது. மேலே இருக்கும் படஎண், கீழே இருக்கும் பெயர் வரி எல்லாம் மவுண்டுக்குள் முழுசாகத் தெரிகிறது, நாலு பக்கமும் வெள்ளை ஓரமும் தெரிகிறது, மேலிருந்து கீழே 28 அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹாவெல் பூநாரையை அச்சிட்ட செப்புத்தகட்டின் உயரமே சுமார் 38 அங்குலம். தாளின் ஓரத்தை யாராவது வெட்டியிருக்கலாம், ஆனால் படத்தைச் சுருக்க முடியாது. முழுப் படமும் எழுத்தும் 28 அங்குலத்துக்குள் அடங்கியிருக்கிறது என்றால் அது ஹாவெல் தகட்டிலிருந்து வந்ததல்ல. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃபிரேமைக் கழற்றாமல், லென்ஸ் இல்லாமல், அளவு நாடாவை மட்டும் வைத்துச் சொல்லக்கூடிய உறுதியான முடிவு இது. வருத்தமான செய்திதான், ஆனால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது உங்களுக்கு நல்லது.

அப்படியானால் கீழே இருக்கும் ‘1838’? அது பொய் இல்லை, அந்தப் படம் செதுக்கப்பட்ட வருடம் அது. உங்கள் தாள் அச்சான வருடம் அல்ல, அவ்வளவுதான். பிற்காலத்தில் ஒருவர் அசல் தாளைக் கேமராவில் பிடித்து மறுபதிப்புப் போடும்போது படத்தோடு சேர்ந்து ஓரத்தில் இருந்த எழுத்தும் அப்படியே வந்துவிடும். பழைய படங்களில் வருடம் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

ஹாவெலுக்குப் பிறகு ஆடுபான் குடும்பமே வெளியிட்ட பதிப்புகள் இரண்டு உண்டு, அவற்றையும் தாண்டிவிடலாம். 1840-இலிருந்து 1844 வரை பிலடெல்பியாவில் போவன் என்ற அச்சகத்தார் கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சிடும் முறையில்) போட்டுக் கையால் வண்ணம் தீட்டிய ஆக்டாவோ என்ற சிறிய அளவுப் பதிப்பு, 500 படங்கள், ஆனால் தாள் சுமார் பத்து அங்குல உயரம்தான். ஆடுபான் இறந்த பிறகு அவருடைய மகன் நியூயார்க்கில் ஜூலியஸ் பீன் என்பவரைக் கொண்டு 1858 முதல் வண்ணக் கல்லச்சில் முழு அளவில் கொண்டுவரத் தொடங்கிய பதிப்பு, உள்நாட்டுப் போர் வந்ததால் அது பாதியில் நின்றுபோனது. அதில் பீனின் பெயர் அச்சாகியிருக்கும். உங்கள் 28 அங்குலம் இரண்டிலும் பொருந்தாது. ஒரு விஷயம் மட்டும் சொல்லிவைக்கிறேன். ஆடுபானின் பாலூட்டி விலங்குகள் படத்தொகுப்பு 1845-இலிருந்து 1848 வரை வந்தது, 150 படங்கள், தாள் சுமார் 22க்கு 28 அங்குலம். அணில், ஓநாய், முயல் என்று ஆடுபான் பெயரோடு அந்த அளவில் ஒரு படம் கிடைத்து, கீழே போவன் பெயரும் பிலடெல்பியாவும் இருந்தால், அதை அலட்சியமாகத் தூக்கிப் போடாதீர்கள். அது அசலாக இருக்க நிஜமான வாய்ப்பு உண்டு. அளவு ஒன்றுதான் என்பதால் பூநாரைக்கும் அது பொருந்தும் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

ஆக, உங்களுடையது இருபதாம் நூற்றாண்டில் கேமரா வழியாக வந்த மறுபதிப்பாக இருக்கத்தான் மிகப் பெரும்பாலும் வாய்ப்பு. எந்த மறுபதிப்பு, எந்தப் பத்தாண்டு என்பதை நீங்கள் போட்ட மூன்று புகைப்படங்களை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் லென்ஸ் வேண்டும். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும், ஆன்லைனில் சில டாலருக்குக் கிடைக்கிறது. ஃபிரேமைக் கழற்ற வேண்டியதில்லை, கண்ணாடி வழியாகவே பார்க்கலாம். பூநாரையின் கழுத்தில், சிவப்பு மெல்ல வெளிறி ரோஸாகும் இடத்தில் லென்ஸை வையுங்கள். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று குட்டிக் குட்டி வட்டப் புள்ளிகள் ஒரே சீராக, பூவிதழ் அடுக்கிய மாதிரி வளையம் வளையமாகத் தெரிந்தால் அது ஆஃப்செட். காலண்டர், வாரப்பத்திரிகை எல்லாம் அச்சாகிற அதே முறை. புள்ளி ஒழுங்கே இல்லாமல், மெல்லிய சுருக்கம் விழுந்த தோல் மாதிரி ஒரு தொடர்ச்சியான மணல்தன்மை தெரிந்தால் அது கொலோடைப் முறையாக இருக்கலாம், அது கொஞ்சம் பழையது, கொஞ்சம் உயர்வானது. அப்புறம் கீழே இருக்கும் எழுத்துக்களையும் பாருங்கள். எழுத்தின் கோடுகள்கூடப் புள்ளிகளால் ஆனவையாக இருந்தால், எழுத்து தனியாக அச்சாகவில்லை, மொத்தத் தாளையும் ஒரே வண்ணப் புகைப்படமாக எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அசலை லென்ஸில் பார்த்தால் என்ன தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒருமுறை பார்த்தவர்கள் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள். செப்புத்தகட்டில் கோடுகளைச் செதுக்கியும் அமிலத்தில் அரித்தும் எடுப்பார்கள். நிழல் விழும் இடங்களுக்குப் பிசின் தூளைத் தகட்டின்மேல் படியவைத்துச் சூடாக்கி ஒட்டவைத்து, அந்தத் துகள்களுக்கு நடுவே அமிலத்தை அரிக்கவிடுவார்கள். இதற்குப் பெயர் அக்வாடின்ட். அச்சிட்டால் ஒழுங்கற்ற நுண்ணிய வலைப்பின்னல் மாதிரி கறுப்பு மை தெரியும். அதன்மேல் பலர் சேர்ந்து கையால் நீர்வண்ணம் தீட்டியிருக்கிறார்கள், அதனால் தூரிகையின் ஈரம் காய்ந்த ஓரம் தெரியும், சில இடத்தில் வண்ணம் கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை வெளியே போயிருக்கும், வண்ணம் காகித நாரில் ஊறியிருக்கும். ஈரக் காகிதத்தைத் தகட்டோடு சேர்த்து உருளையில் அழுத்தி எடுத்ததால் தகட்டின் விளிம்பு காகிதத்தில் ஒரு பள்ளமாகப் பதிந்திருக்கும், விரலால் தடவினால் தெரியும். ஆனால் இந்த அழுத்தத் தடத்தை மட்டும் நம்பாதீர்கள், மறுபதிப்புக்காரர்கள் சிலர் வெறும் தகட்டை அழுத்திப் போலித் தடம் போடுவார்கள். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ‘ஜே வாட்மன்’ என்ற காகித ஆலையின் பெயரும் ஒரு வருடமும் நீரெழுத்தாகத் தெரியும். அந்த வருடம் 1838-ஐத் தாண்டியிருந்தால் அது அசல் பதிப்பு அல்ல. ஓரத்தை வெட்டியதில் நீரெழுத்தும் போயிருக்கலாம், ஆகவே அது இல்லை என்பதால் மட்டும் ஒரு தாளை ஒதுக்கிவிட முடியாது. பூநாரைக்கே உரிய அடையாளங்களும் உண்டு: மேலே இடதுமூலையில் பகுதி எண் 87, வலதுமூலையில் ரோமன் எண்ணில் 431, வானத்துப் பக்கமாக அலகு, நாக்கு, பாதம் இவற்றின் சின்னச் சின்னக் கோட்டுப் படங்கள். அலங்காரத்துக்காகப் போட்ட மறுபதிப்புகள் சிலவற்றில் அந்தச் சின்னப் படங்களை அழித்துவிட்டு வெறும் வானமாக்கியிருப்பார்கள். உங்கள் புகைப்படத்தில் வெளிச்சம் பட்டுக் கண்ணாடி மினுக்குவதால் அந்த இடம் சரியாகத் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நேஷனல் ஆடுபான் சொசைட்டியின் இணையதளத்தில் 435 படங்களையும் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

புள்ளி தெரிந்தாலே குப்பை என்றும் முடிவு கட்டிவிடக்கூடாது. 1971-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி வெளிவந்த முழு அளவு மறுபதிப்பு ஆஃப்செட்தான், ஆனால் அதற்கென்றே தனியாகச் செய்த பருத்திக் காகிதத்தில் 250 பிரதி மட்டுமே அச்சிட்டார்கள், தாளில் காகித ஆலையின் பெயரும் ஆடுபான் பெயரும் நீரெழுத்தாக இருக்கும். அதன் பூநாரை ஆயிரம் டாலரைத் தாண்டி விற்கிறது. அளவு 28 என்பதால் உங்களுடையது அதுவும் இல்லை, ஆனால் அச்சுமுறை வேறு, மதிப்பு வேறு என்பதற்காகச் சொல்கிறேன். பென்சிலில் எண் எழுதி, ஓரத்தில் அழுத்த முத்திரை போட்ட பிற்கால வரையறுக்கப்பட்ட பதிப்புகளும் இருக்கின்றன. அதனால் மவுண்டுக்குக் கீழே மறைந்திருக்கும் ஓரத்தில் பென்சில் குறியோ முத்திரையோ இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

வயதைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு எளிய வழிகள். ஒன்று, சின்னப் புறஊதா டார்ச். இருட்டு அறையில் அடித்துப் பார்க்கும்போது தாளின் வெள்ளை ஓரம் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், காகிதத்தில் வெளுப்பு கூட்டும் வேதிப்பொருள் கலந்திருக்கிறது. அது காகிதத்தில் பழக்கத்துக்கு வந்தது 1950 வாக்கில்தான். ஒளிரவில்லை என்றால் எதுவும் உறுதி இல்லை, இன்றைக்கும் அந்தப் பொருள் கலக்காத காகிதம் தயாராகிறது. இதைப் பார்க்கும்போது கண்ணாடி இடையில் இருந்தால் ஏமாற்றும், பல கண்ணாடிகள் புறஊதாவைத் தடுக்கும். இரண்டு, ஃபிரேமின் பின்பக்கம். பின்னால் ஒட்டியிருக்கும் கடைச் சீட்டில் ஐந்து இலக்க ஜிப் கோடு, அதாவது அமெரிக்க அஞ்சல் எண், இருந்தால் ஃபிரேம் 1963-க்குப் பிறகு போட்டது, ஏனென்றால் அமெரிக்காவில் ஜிப் கோடே அந்த வருடம்தான் வந்தது. ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றோ இரண்டோ இலக்கம் மட்டும் இருந்தால் அதற்கு முந்தைய இருபது வருடங்களாக இருக்கலாம். ஃபிரேமின் வயதும் படத்தின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனாலும் அந்தச் சீட்டைக் கிழிக்காமல் வைத்திருங்கள். படம் யாரிடமிருந்து வந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுவாக இருக்கலாம்.

சரி, விலை. ஹாவெல் பதிப்பின் ஒரு முழுத் தொகுப்பு 2010 டிசம்பரில் லண்டன் சோத்பிஸ் ஏலத்தில் 73 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. தனித்தாளாகவே பிரபலமான பறவைகள் பல்லாயிரம் டாலருக்குப் போகின்றன, பூநாரை அந்த வரிசையில் முன்னால் நிற்கும் ஒன்று. உங்கள் மைத்துனர் இதைத்தான் எங்கேயோ படித்திருக்கிறார். உங்களுடையது போன்ற அலங்கார மறுபதிப்பு சாதாரணமாகப் பத்து இருபது டாலரிலிருந்து, நல்ல ஃபிரேமோடு இருந்தால் நூறு இருநூறு வரை போகலாம், அதில் பாதி ஃபிரேமுக்கான விலை. ஈபேயில் ஒருவர் 900 டாலர் என்று போட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அது அவர் கேட்கும் விலை, யாரும் கொடுத்த விலை அல்ல. விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி அங்கேயே இருக்கிறது, அதில் தேடிப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ‘மதிப்பு’ என்பது ஒரே எண் அல்ல. இன்ஷூரன்ஸுக்காக எழுதும் மதிப்பு, கடையில் போய்ப் புதிதாக வாங்கினால் ஆகும் செலவு. விற்கப் போனால் கையில் வரும் தொகை அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். லென்ஸில் பார்த்தபின் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் மட்டும் மதிப்பீட்டாளரிடம் போங்கள். அப்ரைசர்ஸ் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா, இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் அப்ரைசர்ஸ் போன்ற அமைப்புகளின் உறுப்பினர் பட்டியலில் அச்சுப்படங்களைப் பார்ப்பவர் என்று தேடி எடுக்கலாம். மணிக்கணக்கிலோ படத்துக்கு இவ்வளவு என்றோ கட்டணம் வாங்குகிறவராக இருக்க வேண்டும். விலையில் இத்தனை சதவீதம் என்று கேட்டாலோ, மதிப்புச் சொல்லிவிட்டு நானே வாங்கிக்கொள்கிறேன் என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். 40 டாலர் படத்துக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பதே என் கருத்து.

இப்போது பழுப்புப் புள்ளிகள். இதை நாங்கள் ஃபாக்சிங் என்போம். காகிதத்தில் கலந்திருக்கும் இரும்புத் துகள்கள், பூஞ்சை, ஈரப்பதம் மூன்றும் இதில் சம்பந்தப்பட்டவை என்பது உறுதி. எந்தத் தாளில் எதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உண்டு. உங்களுக்கு வேண்டியது இதுதான்: ஈரம் குறைந்தால் புள்ளி வளர்வது மட்டுப்படும், இருக்கிற புள்ளி தானாகப் போகாது. மவுண்டை ஒட்டிய பழுப்புக் கோடு வேறு கதை. மரக்கூழில் செய்த மலிவான மவுண்ட் அட்டையில் மரத்துக்கே உரிய லிக்னின் என்ற பொருள் இருக்கும், வருடக்கணக்கில் அது அமிலமாகிக் காகிதத்தைச் சுடும். ஜன்னல் மாதிரி வெட்டிய அட்டையின் சாய்ந்த விளிம்பில் அட்டையின் உட்பக்கம் திறந்திருப்பதால் சரியாக அந்த விளிம்பில்தான் கோடு விழும். பின்பக்க அட்டையும் அதே ரகமாக இருந்தால் தாளின் முதுகு முழுக்கப் பழுப்பேறியிருக்கும். பழைய ஃபிரேம்களில் பின்னால் மரப்பலகையே வைத்திருப்பார்கள், அந்தப் பலகையின் கணு வட்டமாகப் படத்தின் முகத்தில் தெரியும் அளவுக்குச் சுட்டுவிடும்.

நீங்கள் யூடியூபில் பார்த்ததாகச் சொன்ன பிளீச் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். துணிக்குப் போடும் குளோரின் பிளீச் புள்ளியை உடனே வெளுக்கச் செய்யும், வீடியோவில் அதுதான் தெரியும். ஆனால் மிச்சக் குளோரின் நாருக்குள் தங்கிக் காகிதத்தைத் தொடர்ந்து அரிக்கும், நாளடைவில் தாள் அப்பளமாக நொறுங்கும், புள்ளியும் திரும்பி வரலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு பாதுகாப்பானது என்பார்கள். இரும்பு இருக்கும் இடத்தில் பெராக்சைடு கட்டுப்பாடில்லாமல் வினைபுரிந்து காகித நாரின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸையே உடைக்கும், புள்ளியிலோ இரும்பு இருக்க வாய்ப்பிருக்கிறது. தண்ணீர் மட்டும்தானே என்று நினைத்தாலும் ஆபத்துதான். கையால் வண்ணம் தீட்டிய தாள் என்றால் வண்ணம் கரையும். ஆஃப்செட் அச்சுக்குப் பயன்படும் வழவழப்பான ஆர்ட் பேப்பர் என்றால் மேலே களிமண் பூச்சு இருக்கும், நனைந்தால் அது பசையாகிக் கண்ணாடியிலோ பக்கத்துத் தாளிலோ ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்து வரும். ரப்பர், ரொட்டித் துண்டு இரண்டும் மேற்பரப்பு அழுக்கை எடுக்கலாம், ஆனால் அவை மையையும் தேய்க்கும். புள்ளி நாருக்குள் இருப்பதால் அதை அவற்றால் தொடக்கூட முடியாது. காகிதப் பாதுகாப்பு நிபுணர் ஒருவர் இதே வேலையைச் செய்யும்போது முதலில் ஒவ்வொரு வண்ணத்திலும் ஒரு துளி வைத்துச் சோதிப்பார், பிறகு அளவோடு கழுவுவார், அமிலத்தை நடுநிலையாக்குவார். அதற்குப் பல நூறு டாலர் ஆகலாம். அசல் ஹாவெலுக்கு அந்தச் செலவு நியாயம். உங்களுடையதற்கு, பாட்டி கொடுத்த படம் மாதிரி மனசுக்கு நெருக்கமான காரணம் இருந்தால் ஒழிய, தேவையில்லை. புள்ளியோடு இருந்தாலும் அது அழகான படம்தான்.

புள்ளியை விட்டுவிடலாம், ஆனால் மவுண்டையும் பின்னட்டையையும் கட்டாயம் மாற்றுங்கள், சுடுவது அவைதான். ஃபிரேமை ஒரு மெத்தென்ற போர்வையின்மேல் முகம் கீழாகக் கவிழ்த்து வைத்து, பின்காகிதத்தைக் கத்தியால் ஓரமாக அறுத்து, ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாக எடுங்கள். கை கழுவி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், துணிக் கையுறை வேண்டாம், அதில் விரலுக்கு உணர்வு போய்த் தாளைக் கிழித்துவிடுவோம். படம் கண்ணாடியில் எங்கேயாவது ஒட்டியிருப்பது போலத் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள், இழுக்காதீர்கள், சூடு காட்டாதீர்கள். ஒட்டவில்லை என்றால் படத்தைத் தனியாகத் தூக்காமல் அடியில் ஒரு சுத்தமான அட்டையைச் செருகி அட்டையோடு தூக்குங்கள். மவுண்டுக்கு அடியில் மறைந்திருந்த பாகத்தின் நிறத்தையும் வெளியே தெரிந்த பாகத்தின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆஃப்செட் மையில் மஞ்சளும் மெஜந்தாவும்தான் முதலில் வெளிறும், அதனால் பழைய பூநாரைப் போஸ்டர்கள் காலப்போக்கில் ரோஸ் நிறம் போய் ஒருவித நீலச்சாம்பல் சாயலுக்கு வந்துவிடும். உங்கள் படத்தில் சிவப்பு இன்னும் பளிச்சென்று இருப்பதைப் பார்த்தால், இதுவரை அது வெயில் படாத சுவரில் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், லென்ஸில் பார்த்தால்தான் உறுதி.

பழைய செலோடேப் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், அதன் பசை காகிதத்துக்குள் இறங்கியிருக்கும், அதை எடுக்கக் கரைப்பான் வேண்டும், அது வீட்டில் செய்கிற வேலை அல்ல. தாள் முழுவதுமாக ஒரு அட்டையில் சூடுவைத்து ஒட்டப்பட்டிருந்தால், அதாவது டிரை மவுண்ட் செய்திருந்தால், அதைப் பிரிக்க முயலாமல் அப்படியே விட்டுவிட்டு மற்றதை மட்டும் மாற்றுங்கள். ஃபிரேம் கடையில் பருத்தி மவுண்ட் அட்டை, அமிலமில்லாத பின்னட்டை என்று கேளுங்கள். வெறுமனே ‘ஆசிட் ஃப்ரீ’ என்றால் மேல்தாள் மட்டும் அப்படி இருக்கும் மலிவு ரகத்தையும் தருவார்கள், அதனால் பருத்தி என்று அழுத்திச் சொல்லுங்கள். படத்தை மேல்ஓரத்தில் மட்டும் இரண்டு ஜப்பானியக் காகிதத் துண்டுகளால், கோதுமை ஸ்டார்ச் பசையால் தொங்கவிட வேண்டும். நாலு பக்கமும் ஒட்டினால் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்க இடமில்லாமல் தாள் அலையலையாகிவிடும். கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது, மவுண்டின் தடிமன் அந்த இடைவெளியைத் தரும்.

மாட்டும் இடம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விலை உயர்ந்த படமோ மலிவானதோ இதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஒளியால் வரும் சேதம் திரும்பாது, கூடிக்கொண்டே போகும். அருங்காட்சியகங்கள் காகிதப் படங்களுக்கு 50 லக்ஸ் என்ற மங்கலான வெளிச்சத்தைத்தான் அனுமதிக்கும். வீட்டில் அது நடக்காது, ஆகவே நேர்வெயில் படாத சுவராகப் பாருங்கள். புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போடுவது நல்லது, ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தை வெளுக்கும் என்பதால் அதைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டக் கூடாது. குளிர்காலத்தில் குளிர்ந்துபோகும் வெளிச்சுவர், குளியலறைப் பக்கம், ஹீட்டருக்கு மேலே, இந்த மூன்றும் வேண்டாம். பேஸ்மென்ட் கண்டிப்பாக வேண்டாம், நியூ ஜெர்சிக் கோடையில் அங்கே ஈரப்பதம் எளிதாக 65 சதவீதத்தைத் தாண்டும், அதற்குமேல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், காகிதப் பசையைத் தின்னும் வெள்ளிப்பூச்சியும் அங்கேதான் இருக்கும். பூஜை அறையிலோ விளக்கேற்றும் இடத்துக்கு மேலேயோ மாட்டாதீர்கள், எண்ணெய்ப் புகையும் ஊதுபத்திப் புகையும் ஃபிரேம் இடுக்கு வழியாக உள்ளே போய்ப் படியும், அந்தக் கரியைக் காகிதத்திலிருந்து எடுப்பது ஃபாக்சிங்கைவிடக் கடினம். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள்; கண்ணாடிமேல் நேராகத் தெளித்தால் அது வழிந்து கீழ்விளிம்பு வழியாக மவுண்டுக்குள் ஏறும். உங்கள் இரண்டாவது புகைப்படத்தில் கீழ்மூலையில் தெரியும் அலைபோன்ற கறை அப்படி வந்ததாக இருக்கலாம்.

லென்ஸ் வாங்கியதும் கழுத்துப் பகுதியின் நெருக்கப் படம் ஒன்று, கீழே இருக்கும் எழுத்தின் நெருக்கப் படம் ஒன்று, பின்பக்கச் சீட்டின் படம் ஒன்று இங்கேயே பதிலில் போடுங்கள். போனின் மேக்ரோ கேமராவில் எடுத்தாலே போதும். அதை வைத்து ஆஃப்செட்டா கொலோடைப்பா என்று சொல்லிவிடலாம், வயதையும் ஓரளவு குறுக்கலாம். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் மட்டும் இங்கே காத்திருக்க வேண்டாம், அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஃபார் கன்சர்வேஷன் இணையதளத்தில் ஊர்வாரியாக நிபுணர்களைத் தேடும் வசதி இருக்கிறது, அதில் காகிதம் என்று குறிப்பிட்டுத் தேடி, முதலில் தொலைபேசியில் என்ன செலவாகும் என்று கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள்.